அடுத்த கவளம் யார் கையில்?

(முதியோர் இல்லப் பணியாளர்களும் நிர்வாகிகளும் குடும்பத்தினரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 காலை ஷிஃப்ட் முடித்த கையோடு வீட்டுக்குப் போகாமல் இங்கே வந்திருக்கும் ஆயாமார்களுக்கும் நர்ஸ்களுக்கும் ஒரு வணக்கம். இன்றைக்கு நான் பேசப்போவதில் பாதி உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். மீதிப் பாதியை உங்கள் நிர்வாகிகள் கேட்க வேண்டும் என்பதற்காகத்தான் அவர்களை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொன்னேன்.

முதியோர் இல்லச் சாப்பாடு என்றதும் எவ்வளவு புரதம், எவ்வளவு உப்பு, சர்க்கரை நோய் இருப்பவருக்கு எத்தனை இட்லி என்றுதான் பேச்சு போகும். அதைச் சொல்ல உணவியல் வல்லுநர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது தட்டுக்கும் வாய்க்கும் இடையில் இருக்கும் ஒரு முழ தூரத்தைப் பற்றி. பக்கவாதம் வந்தவர், கை நடுக்கம் உள்ளவர், மறதி நோயில் சாப்பிடும் முறையே மறந்துபோனவர், இவர்களுக்காக அந்த ஒரு முழத்தை இன்னொரு கை கடக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை. குளிப்பாட்டுவது, உடை மாற்றுவது எல்லாம் கதவுக்குப் பின்னால் நடக்கும். சாப்பாடு மட்டும் நாலு பேர் பார்க்க நடக்கிறது. அதனால் அங்கே போகும் மானம் நாலு பேர் முன்னால் போகிறது.

2021ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணிப்புப்படி தமிழ்நாட்டு மக்களில் 13.6 சதவீதம் பேர் 60 வயதைக் கடந்தவர்கள். இந்தியாவில் கேரளத்துக்கு அடுத்து நாம்தான். பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்காக 2007இல் வந்த சட்டம், மாவட்டத்துக்கு ஒரு முதியோர் இல்லமாவது வேண்டும், அதில் ஆதரவற்ற 150 பேராவது தங்க இடம் வேண்டும் என்கிறது. தனியார் இல்லங்களும் ஊருக்கு ஊர் வந்துவிட்டன. இல்லம் தேடிப் போகிற பிள்ளைகள் கேட்கும் முதல் கேள்வி, படுக்கை காலி இருக்கிறதா என்பது. இரண்டாவது, மாதம் எவ்வளவு. பகல் பன்னிரண்டரை மணிக்கு ஊட்டிவிட எத்தனை கைகள் இருக்கின்றன என்று யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான். அடுத்த கவளம் எப்போது வர வேண்டும், எதிலிருந்து வர வேண்டும், வர வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் முடிவு செய்வது சாப்பிடுகிறவராக இருக்க வேண்டும். கை ஓய்ந்துபோனாலும் இந்த அதிகாரம் அவரிடமே இருக்க முடியும். இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் மரியாதை இருக்கிறது. இல்லாவிட்டால் தட்டில் முந்திரிப் பொங்கலே இருந்தாலும் அங்கே மரியாதை இல்லை.

அமெரிக்காவில் 1987இல் நர்சிங் ஹோம் சீர்திருத்தச் சட்டம் வந்தது. அரசின் மெடிகேர், மெடிக்கெய்ட் மருத்துவத் திட்டங்களிலிருந்து பணம் வாங்குகிற முதியோர் இல்லங்கள் எல்லாம் அதற்குக் கட்டுப்பட்டவை. அந்த இல்லங்களை ஆய்வு செய்யப் போகும் அதிகாரிகளுக்கு ஒரு கையேடு உண்டு. அதில் கண்ணியம் என்ற பகுதியில் சாப்பாட்டு நேரத்தைப் பற்றி எழுதியிருப்பதைப் படித்தால் நம் ஊர் இல்லத்தை ஒளிந்திருந்து பார்த்து எழுதியதுபோல் இருக்கும். பணியாளர் தலைமாட்டில் நின்றுகொண்டு ஊட்டக் கூடாது. தூக்கியெறியும் தட்டும் ஸ்பூனும் தினசரி வழக்கமாகக் கூடாது. அவராக விரும்பினாலொழிய கழுத்தில் துணி கட்டக் கூடாது. ஊட்டும்போது பணியாளர்கள் தங்களுக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கக் கூடாது. ‘ஃபீடர்’ என்று ஒருவருக்குப் பெயர் வைத்துக் கூப்பிடக் கூடாது. நாம் ‘ஃபீடிங் கேஸ்’ என்கிறோம். ‘மூணாம் நம்பர் பெட் ஃபீடிங்கா?’ என்று அவர் காதுபடக் கேட்கிறோம். ஒரு அரசாங்கம் இதையெல்லாம் கூடாது என்று எழுதி வைக்க வேண்டி வந்தது என்றால், இதெல்லாம் அங்கே நடந்திருக்கிறது என்றுதானே பொருள்? கெட்ட மனிதர்கள் செய்ததல்ல. அவசரத்தில் இருந்த நல்ல மனிதர்கள் செய்தது.

கழுத்தில் துணி கட்டும் விஷயத்தில் நமக்கு ஒரு வசதி இருக்கிறது. நம் ஊர்ப் பெரியவர் தோளில் துண்டு போட்டே பழகியவர். ‘ஐயா, துண்டு போட்டுக்கறீங்களா?’ என்று கேட்டு, தோளிலிருந்து மார்பு வரை விரித்து விட்டால் சட்டையும் கறையாகாது, அவரும் கைக்குழந்தை ஆகமாட்டார். கேட்டுவிட்டுப் போடுவதற்கும் கேட்காமல் பின்னாலிருந்து முடிச்சுப் போடுவதற்கும் இரண்டு விநாடிதான் வித்தியாசம்.

நிற்காமல் உட்கார்ந்து ஊட்டுங்கள் என்பதை வெறும் நாகரிகம் என்று நினைத்துவிடாதீர்கள். நின்றுகொண்டு ஊட்டினால் ஸ்பூன் மேலிருந்து இறங்கும். அதை வாங்க அவர் முகத்தை உயர்த்துவார். கழுத்து பின்னால் சாயும்போது மூச்சுக்குழாயின் வாசல் காப்பில்லாமல் போகிறது. அவருடைய கண்மட்டத்துக்கு உட்கார்ந்து, கீழிருந்து ஸ்பூனைக் கொண்டுபோனால் மோவாய் தானாகவே சற்றுத் தாழும். அதுதான் விழுங்குவதற்குப் பாதுகாப்பான நிலை. அவர் நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும், சாப்பிட்ட பிறகும் அரைமணி நேரமாவது அப்படியே இருக்க வேண்டும். மரியாதைக்கு ஒரு முறை, பாதுகாப்புக்கு வேறொரு முறை என்று இந்த வேலையில் இல்லை. பெரும்பாலும் இரண்டும் ஒன்றாகவே வருகின்றன. ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போதும். அதைச் சாப்பாட்டுக்கூடத்தில் வாங்கிப் போடாத இல்லங்கள் இருக்கின்றன.

1998இல் சூசன் லாங்மோர் என்ற அமெரிக்க ஆய்வாளரும் அவருடைய குழுவும், உணவும் எச்சிலும் நுரையீரலுக்குள் போய் வரும் நிமோனியா யாருக்கு வருகிறது என்று 189 முதியவர்களைப் பின்தொடர்ந்து பார்த்தார்கள். விழுங்குவதில் சிரமம் இருப்பது மட்டுமே போதிய காரணமாக இல்லை. பிறர் கையால் உண்ண வேண்டியிருப்பது முன்வரிசையில் நின்றது. பல் துலக்கவும் பிறரை நம்பியிருப்பது, சொத்தைப் பற்கள் இவையும் கூடவே நின்றன. ஊட்டுவதே தீங்கு என்று இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஊட்டப்படுகிறவர் ஏற்கெனவே நலிந்தவர். ஆனாலும் ஒன்றை யோசியுங்கள். தன் கையால் சாப்பிடுகிறவர் வாயில் இருப்பது இறங்கிய பிறகுதான் அடுத்த கவளத்தை எடுப்பார். மூளையும் கையும் தொண்டையும் ஒன்றுக்கொன்று சொல்லிக்கொண்டு வேலை செய்கின்றன. ஊட்டுகிற கைக்கு அந்தத் தகவல் வருவதில்லை. தொண்டைக்குழி ஏறி இறங்குகிறதா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பக்கத்துக் கட்டில் ஆயாவோடு பேசிக்கொண்டிருந்தால் அது கண்ணில் படாது.

புரையேறினால் ‘யாரோ நினைக்கிறாங்க’ என்று தலையில் தட்டுவது நம் வழக்கம். வீட்டில் சொல்லிக்கொள்ளுங்கள். இல்லத்தில் ஒருவருக்கு அடிக்கடி புரையேறினால் வெளிநாட்டு மகன் நினைக்கிறான் என்று சும்மா இருந்துவிடாதீர்கள். சாப்பிட்டதும் குரல் கரகரவென்று ஈரமாக மாறுகிறதா, கண்ணில் நீர் கோக்கிறதா, மாலையில் காய்ச்சல் எட்டிப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். சிலருக்கு இருமலே வராமல் உள்ளே இறங்கிவிடும். அதுதான் இன்னும் ஆபத்து. உடனே நர்ஸிடம் சொல்லுங்கள். விழுங்கும் திறனைப் பரிசோதிக்கப் பேச்சுப் பயிற்சி சிகிச்சையாளர்கள் இருக்கிறார்கள். பேச வைப்பது மட்டும்தான் அவர்கள் வேலை என்று பல குடும்பங்கள் நினைத்துக்கொண்டிருக்கின்றன.

இப்போது எந்த நாட்டுக் கையேட்டிலும் இல்லாத ஒரு சிக்கலுக்கு வருகிறேன். நம் பெரியவர்களில் பலர் டம்ளரை உதட்டில் வைத்துக் குடிக்கமாட்டார்கள். அண்ணாந்து, தூக்கித்தான் குடிப்பார்கள். எழுபது எண்பது வருடப் பழக்கம். எச்சில் படக் கூடாது என்பது அவர்களுக்குச் சுத்தம் மட்டுமல்ல, ஒழுக்கம். விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு இதைவிட ஆபத்தான நிலை கிடையாது. தலை முழுக்கப் பின்னால் சாய்ந்திருக்க, தண்ணீர் தாரையாகத் தொண்டையில் விழும். என்ன செய்வது? ‘வாய் வச்சுக் குடிங்க பாட்டி’ என்று பலர் முன்னால் அதட்டினால் அந்த அம்மாள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொள்வார். பிறகு சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், மயக்கம் என்று வரிசையாக வரும். அவருக்கென்று ஒரு டம்ளரை ஒதுக்கி, பெயர் வெட்டி, ‘இதை வேற யாரும் தொடமாட்டாங்கம்மா, உங்களுக்கு மட்டும்’ என்று கையில் கொடுங்கள். பாத்திரக்கடையில் பெயர் வெட்டித் தருவது நம் ஊரில் எங்கும் நடப்பதுதானே. எச்சில் என்ற அவருடைய கணக்கை மதித்துத்தான் அவரை உதட்டில் வைத்துக் குடிக்க வைக்க முடியும், மதிக்காமல் முடியாது.

இடது கையும் இப்படித்தான். பக்கவாதத்தில் வலது பக்கம் விழுந்துவிட்டால் மருத்துவர் சொல்வார், இடது கையால் சாப்பிடப் பழகுங்கள் என்று. சொல்வது சரிதான். ஆனால் இடது கையை இலைப் பக்கமே கொண்டுபோகக் கூடாது என்று வளர்ந்த மனிதருக்கு, பத்துப் பேர் உட்கார்ந்திருக்கும் கூடத்தில் அந்தக் கையால் பிசைந்து உண்பது எப்படி இருக்கும்? ‘எனக்கு ரூமுக்கே கொண்டு வந்துடுங்க’ என்பார். அடம் என்று எழுதிவிடாதீர்கள். இடது கைக்கு ஸ்பூன் கொடுத்தால் பலருக்கு அந்தக் கூச்சம் குறைகிறது. கை சோற்றைத் தொடவில்லை என்ற ஆறுதல். ஸ்பூனும் பிடிக்க முடியாதவருக்கு இன்னொரு வழி உண்டு. ஸ்பூனை நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், அவருடைய கையை உங்கள் கைமேல் வைக்கச் சொல்லுங்கள். தட்டிலிருந்து வாய்க்கு இரண்டு கையும் சேர்ந்து போகும். எப்போது நகர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்பதை அவருடைய கை உங்களுக்குச் சொல்லும். மறதி நோய் உள்ளவர்களிடம் அமெரிக்க நர்சிங் ஆய்வாளர் மெலிசா பேச்சலர் குழுவினர் ஊட்டும் முறைகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். நோயாளியின் கையை நாம் மேலிருந்து பிடித்து ஓட்டுவதைவிட, அவர் கைக்குக் கீழே நம் கை இருக்கும் இந்த முறையில் அவர்கள் அதிகம் சாப்பிட்டார்கள்.

நம் ஆட்கள் ஸ்பூனுக்குப் பழகியவர்கள் அல்ல என்பதையும் மறக்க வேண்டாம். ஸ்பூனைப் பார்த்து என்ன செய்வது என்று தெரியாமல் விழிக்கும் மறதி நோயாளி, உள்ளங்கையில் ஒரு சிறு உருண்டை தயிர்ச்சாதம் வைத்தால் தானே வாய்க்குக் கொண்டுபோவதைப் பார்க்கிறோம். அவரால் முடிந்ததை நாம் செய்யாமல் இருப்பதும் உதவிதான். சிந்தும். சிந்தட்டும், துடைத்துக்கொள்ளலாம். ஊட்டிவிட்டால் சீக்கிரம் முடியும் என்று பறித்துக்கொண்டால், இன்னும் சில மாதங்களில் அந்தக் கை மறந்தே போகும். அப்புறம் ஆயுள் முழுக்க நீங்கள்தான் ஊட்ட வேண்டும்.

மிக்சி விஷயத்துக்கு வருவோம். மெல்ல முடியாதவர் என்றதும் சோறு, சாம்பார், பொரியல், மோர் எல்லாவற்றையும் ஒரே ஜாரில் போட்டு ஒரு சுற்று. சிமெண்ட் நிறத்தில் ஒன்று வரும். அதை யார் சாப்பிடுவார்? சாப்பிடாவிட்டால் ‘பசி குறைஞ்சு போச்சு’ என்று நோட்டில் எழுதுவோம். எதை உண்கிறோம் என்று தெரிந்துகொள்வது சாப்பாட்டில் பாதி. நம் சமையலிலேயே மசித்த பண்டங்கள் எத்தனை இருக்கின்றன! கீரை மசியல், பருப்புக் கடைசல், குழைந்த பொங்கல், கேழ்வரகுக் கூழ், வேகவைத்து மசித்த பூசணி. இவை நோயாளிச் சாப்பாடு அல்ல, வீட்டுச் சாப்பாடு. தனித்தனிக் கிண்ணத்தில் வைத்து, ‘இது கீரை, இது பருப்பு, எதுல ஆரம்பிக்கலாம்?’ என்று கேளுங்கள். பதில் வராவிட்டாலும் கண் ஒரு கிண்ணத்துக்குப் போகும்.

ஒரு எச்சரிக்கை. விழுங்குவதில் சிரமம் உள்ளவருக்கு நாம் அன்போடு கொடுக்கும் ரசஞ்சாதமும் நொய்க் கஞ்சியும்தான் பல நேரம் மோசம். திடமும் நீரும் கலந்த பண்டத்தில் நீர் முதலில் ஓடிப் பருக்கை பின்தங்கும். வாய் இரண்டையும் ஒரே நேரத்தில் கையாள வேண்டும். கஞ்சியை ஒரே சீராக மசித்து, கெட்டியாகக் கொடுங்கள். உலகின் பல நாடுகளில் இப்போது விழுங்கல் சிரமத்துக்கான உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டு நிலைகளாகப் பிரிக்கும் ஒரே அளவுகோலைப் பயன்படுத்துகிறார்கள். நம் சமையலறைக்கு அந்த அட்டவணையைத் தமிழ்ப் பண்டங்களை வைத்து ஒரு உணவியல் கல்லூரி எழுதிக் கொடுத்தால் பெரிய புண்ணியம்.

மாத்திரையைப் பொடித்துச் சோற்றில் கலப்பதை நிறுத்துங்கள். சில மாத்திரைகளைப் பொடிக்கவே கூடாது. கசந்த சோற்றை ஒருமுறை உண்டவர் அடுத்த வேளை வாயைத் திறக்கமாட்டார். அவர் உங்களை நம்பமாட்டார், அவ்வளவுதான்.

தட்டைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2004இல் பாஸ்டனில் முற்றிய அல்சைமர் நோயாளிகளிடம் ஒரு ஆய்வு நடந்தது. வெள்ளைத் தட்டு, வெள்ளை டம்ளருக்குப் பதில் பளிச்சென்ற சிவப்பில் கொடுத்தபோது உணவு 25 சதவீதமும் பானம் 84 சதவீதமும் கூடுதலாக உள்ளே போனது. பார்வையில் வேறுபாடு பிரியாததால் தட்டில் இருப்பதே அவர்களுக்குத் தெரியாமல் இருந்திருக்கிறது. மினுக்கும் எவர்சில்வர் தட்டில் வெள்ளைச் சோறும் வெள்ளைத் தயிரும் வைத்துவிட்டு ‘பார்த்துக்கிட்டே உக்காந்திருக்காரு, சாப்பிட மாட்டேங்கறாரு’ என்கிறோம். தட்டில் ஒரு வாழை இலைத் துண்டைப் போட்டுப் பாருங்கள். பச்சையின் மேல் சோறு தெரியும். விருந்தாளிக்குப் பரிமாறுவது போலவும் ஆயிற்று.

பேச்சு. ‘ஆ காட்டு’, ‘சமத்துல்ல’, ‘இன்னும் ஒரே ஒரு வாய் செல்லம்’ என்பதெல்லாம் அன்பில் வருவதுதான், எனக்குத் தெரியும். ஆனால் முதியவரிடம் குழந்தைமொழியில் பேசினால் மறதி நோயாளிகள்கூட அதிகம் முரண்டு பிடிக்கிறார்கள் என்று அமெரிக்காவின் கான்சஸில் கிறிஸ்டின் வில்லியம்ஸ் செய்த ஆய்வு காட்டியது. சொல்லின் அர்த்தம் மறந்தாலும் தொனி மறப்பதில்லை. முப்பது வருடம் தலைமையாசிரியராக இருந்தவருக்கு ‘தாத்தா, வாயைத் திற’ எப்படிக் கேட்கும்? ‘சார், அடுத்து கூட்டு, தரட்டுமா?’ என்று கேட்க எந்தப் பயிற்சியும் வேண்டாம். எல்லோரும் பாட்டி, எல்லோரும் தாத்தா என்பதைக் கொஞ்சம் விடுங்கள். சேர்ந்த முதல் நாளே அவரை எப்படிக் கூப்பிட வேண்டும் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். டீச்சர், ஐயா, பெரியம்மா, பேர் சொல்லி அம்மா, எதுவானாலும் அவர் சொல்வது.

அடுத்ததைச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம்தான். இந்த அவையில் புரவலர்கள் இருக்கிறீர்கள். நம் ஊர் இல்லங்கள் பல அன்னதானத்தில் ஓடுகின்றன. பிறந்தநாள், திருமண நாள், திதி என்று குடும்பங்கள் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டுகின்றன. வாசலில் ‘இன்றைய மதிய உணவு உபயம்’ என்று கரும்பலகையில் பெயர் எழுதியிருக்கும். இந்தப் பணம் இல்லாவிட்டால் பல இல்லங்களில் அடுப்பு எரியாது. அதை மறுக்க நான் யார்? ஆனால் அந்த வேளையில் என்ன நடக்கிறது என்று ஒருமுறை சாப்பிடுகிறவரின் பக்கம் உட்கார்ந்து பாருங்கள்.

பன்னிரண்டரைக்குப் பந்தி. புரவலர் குடும்பம் வர ஒன்றரை ஆகிறது. அதுவரை இலை போட்டு உட்கார வைத்திருக்கிறார்கள். அவர்களில் இன்சுலின் போட்டுக்கொண்டவர் உண்டு. இன்சுலின் போட்ட பிறகு சாப்பாடு தள்ளிப்போனால் சர்க்கரை சரிந்து மயக்கம் வரும், உயிருக்கே ஆபத்து. பிறகு குடும்பம் வருகிறது. கேக் வெட்டுகிறார்கள், எல்லோரும் கை தட்ட வேண்டும். வாழ்த்திப் பாட வேண்டும். பேரக்குழந்தையைப் பக்கத்தில் நிறுத்தி, பாட்டி வாயில் அந்தக் குழந்தை லட்டு ஊட்டுவதைப் படம் எடுக்கிறார்கள். பாட்டிக்குச் சர்க்கரை. பாட்டிக்கு விழுங்கவும் சிரமம். வாயோரம் வழிவது படத்தில் தெரிகிறது. மாலைக்குள் அந்தப் படம் பத்து வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. அந்த அம்மாளிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சோறு போட்டவர்களிடம் வேண்டாம் என்று சொல்ல அவருக்கு எங்கே துணிவு வரும்? வேண்டாம் என்று சொல்ல முடியாத இடத்தில் வாங்கும் சம்மதத்தை நான் சம்மதம் என்று எண்ணுவதில்லை.

கொடுக்கிறவர்கள் நல்லவர்கள். சந்தேகமே இல்லை. அதனால்தான் சொல்கிறேன். கொடுங்கள், ஆனால் நேரத்துக்குப் பந்தி தொடங்கட்டும், நீங்கள் தாமதமானாலும். பரிமாற ஆசை இருந்தால் பரிமாறுங்கள், ஊட்டுவதைத் தெரிந்தவர்களிடம் விடுங்கள். சாப்பிடும் முகத்தைப் படம் எடுக்காதீர்கள். நிர்வாகிகளே, இதை அச்சடித்து ரசீதோடு கொடுத்துவிடுங்கள். நன்கொடை குறைந்துவிடும் என்று பயப்படுகிறீர்கள். சிலது குறையலாம். படத்துக்காக மட்டும் கொடுத்தவருடையது அது.

இனி கணக்கு. மரியாதை மரியாதை என்று ஆயாக்களுக்கு வகுப்பு எடுத்துவிட்டுப் போவது சுலபம். அவர்களுடைய கடிகாரத்தைப் பார்க்காமல் எடுக்கும் வகுப்பு அநியாயம். அமெரிக்காவில் சாண்ட்ரா சிம்மன்ஸ், ஜான் ஷ்னெல் ஆகியோர் 2001இல் வெளியிட்ட ஆய்வில், நர்சிங் ஹோமில் ஒருவருக்குச் சாப்பாட்டுக்கு வழக்கமாகக் கிடைத்த உதவி ஒரு வேளைக்குச் சுமார் 9 நிமிடம். முறையாக, பேச்சுக் கொடுத்து, அவரவர் வேகத்தில் உதவியபோது தேவைப்பட்டது சுமார் 38 நிமிடம். அப்படி நேரம் கொடுத்தபோது அவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் கூடுதலாகச் சாப்பிட்டார்கள். பசியில்லை என்று நாம் எழுதிவைத்த பாதிப் பேருக்குப் பசி இருந்திருக்கிறது, நேரம்தான் இல்லை.

நம் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு இல்லத்தில் ஊட்ட வேண்டியவர் எட்டுப் பேர், ஆயா இரண்டு பேர், மதியச் சாப்பாட்டுக்கு முக்கால் மணி நேரம் என்று வையுங்கள். இரண்டு பேரின் 90 நிமிடத்தை எட்டால் வகுத்தால் ஒருவருக்குப் பதினொரு நிமிடம். அதிலேயே கை கழுவிவிட வேண்டும், துடைக்க வேண்டும், தட்டு எடுக்க வேண்டும். இந்தப் பதினொரு நிமிடத்தில் மகாத்மாவே வந்தாலும் அள்ளித்தான் திணிப்பார். ஆகவே ஊட்டும் வேகத்தைக் குறை என்று ஆயாவிடம் சொல்லும் முன், நிர்வாகம் கைகளைக் கூட்ட வேண்டும் அல்லது நேரத்தை நீட்ட வேண்டும். ஊட்ட வேண்டியவர்களுக்கு ஒரு பந்தியை முன்னால் வையுங்கள், பந்தியை இரண்டாகப் பிரியுங்கள். அந்த ஒரு மணி நேரம் அலுவலக வேலை எதுவும் கிடையாது, கணக்கர் முதல் மேனேஜர் வரை கூடத்தில் இருக்க வேண்டும் என்று வையுங்கள். அமெரிக்காவில் 2003 முதல் சாப்பாட்டு நேரத்துக்கு மட்டும் உதவியாளர்களை வைத்துக்கொள்ள அனுமதி உண்டு. குறைந்தது 8 மணி நேரப் பயிற்சி கட்டாயம். விழுங்குவதில் சிக்கல் உள்ளவர்களை அவர்களிடம் விடக் கூடாது. அந்தப் பிரிவினை எனக்குச் சரியாகப் படுகிறது. தட்டை நகர்த்தி வைத்து, ‘சாப்பிடுங்க சார்’ என்று நினைவூட்டினால் போதும் என்பவர்களுக்கு மேனேஜர் போதும். புரையேறுகிறவர்களுக்கு நர்ஸ் வேண்டும்.

இரவுச் சாப்பாட்டையும் பாருங்கள். பகல் ஷிஃப்ட் கிளம்ப வேண்டும் என்பதற்காக ஆறு மணிக்கே முடித்துவிடும் இல்லங்கள் உண்டு. காலை டிபன் எட்டரைக்கு. பதினான்கரை மணி நேரம் பட்டினி. அமெரிக்க விதி 14 மணி நேரத்துக்கு மேல் இடைவெளி கூடாது என்கிறது. படுக்கும் முன் சத்தான சிற்றுணவு கொடுத்து, குடியிருப்பவர்களும் சேர்ந்து ஒப்புக்கொண்டால் 16 மணி வரை போகலாம். அவர்கள் ஒப்புக்கொண்டால் என்ற அந்த நிபந்தனையை நான் மிகவும் மதிக்கிறேன். நம் இல்லங்களில் சாப்பாட்டு நேரத்தைப் பற்றிச் சாப்பிடுகிறவர்களிடம் கேட்ட இல்லம் எத்தனை?

இதற்கெல்லாம் பலன் உண்டா என்று கேட்பவர்களுக்கு நெதர்லாந்திலிருந்து ஒரு சான்று. ஐந்து நர்சிங் ஹோம்களில் 178 பேரை வைத்து ஆறு மாதம் நடந்த ஆய்வு, 2006இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. ஒரு பகுதியினருக்கு வழக்கம்போல் தட்டில் போட்டு வந்த சாப்பாடு. இன்னொரு பகுதியினருக்கு வீட்டு முறை: மேசை விரிப்பு, பாத்திரங்கள் மேசைமேல், வேண்டியதை வேண்டிய அளவு எடுத்துக்கொள்ளலாம், பணியாளர் கூடவே உட்கார்ந்திருப்பார், சாப்பிடும்போது மருந்து வண்டி வராது. வழக்க முறையில் உண்டவர்களின் உடல் எடையும் நடமாடும் திறனும் வாழ்க்கைத் தரமும் இறங்கின. வீட்டு முறையில் உண்டவர்களுக்கு அந்த இறக்கம் தடுக்கப்பட்டது. பரிமாறும் முறை மாறியதில் வந்த பலன் அது.

சாப்பிட்டு முடித்தபின் கை கழுவி, வாய் கொப்பளித்துத்தான் நம் பெரியவர்களுக்குப் பழக்கம். ஊட்டப்படுகிறவருக்கும் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் கை கழுவிவிடுங்கள், அந்தக் கை சோற்றைத் தொடாவிட்டாலும். வாயைச் சுத்தம் செய்துவிடுங்கள். ஜப்பானில் யோனெயாமா குழுவினர் 11 நர்சிங் ஹோம்களில் இரண்டு வருடம் பார்த்து 1999இல் எழுதினார்கள்: வாய்ச் சுத்தம் முறையாகச் செய்யப்பட்டவர்களில் நிமோனியா வந்தவர்கள் 11 சதவீதம், செய்யப்படாதவர்களில் 19 சதவீதம். ஒரு டூத் பிரஷ்ஷின் வேலை.

கடைசியாக, வேண்டாம் என்பதைப் பற்றி. உதட்டை இறுக்குவது, முகத்தைத் திருப்புவது, வாயிலேயே வைத்துக்கொண்டிருப்பது, துப்புவது. பேச்சுப் போனவருக்கு மிஞ்சிய மொழி இதுதான். கன்னத்தை அழுத்துவதும், மூக்கைப் பிடித்து வாயைத் திறக்க வைப்பதும் வன்முறை. அதற்கு அக்கறை என்று பெயர் வைக்க வேண்டாம். முதலில் காரணம் தேடுங்கள். பல்செட் உறுத்துகிறதா, வாய்ப்புண்ணா, மலச்சிக்கலா, சூடு அதிகமா, இல்லை அமாவாசை என்று அவர் விரதத்தில் இருக்கிறாரா? அரைமணி கழித்து வேறொருவர் போய்க் கேட்டால் சாப்பிடக்கூடும். எல்லாம் பார்த்தும், மறதி நோய் முற்றிய கட்டத்தில், உணவு குறைந்துகொண்டே போகும் காலம் ஒன்று வரும். அப்போது மூக்கில் குழாய் போட்டுவிடுங்கள் என்று பிள்ளைகள் வற்புறுத்துகிறார்கள். பட்டினி போட்டுக் கொன்றதாக ஊர் பேசுமோ என்ற பயம், எனக்குப் புரிகிறது. ஆனால் மறதி நோய் முற்றிய நிலையில் குழாய் வேண்டாம், கையால் பொறுமையாக ஊட்டுவதே மேல் என்பது அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாடு. குழாய் ஆயுளைக் கூட்டுவதாகவோ நுரையீரலுக்குள் போவதைத் தடுப்பதாகவோ சான்று இல்லை. பிடுங்கிவிடுவார் என்று கையைக் கட்டிவைப்பதும் படுக்கைப்புண்ணும்தான் கூடுகின்றன. நாலு ஸ்பூன் இளநீர்க் கூழ், ஒரு சொட்டுத் தேன், அவர் விரும்பினால், விரும்பும் அளவு. அதோடு நிறுத்திக்கொள்ளும் துணிவு குடும்பத்துக்கு வேண்டும். அந்த முடிவை மருத்துவரோடு முன்கூட்டியே உட்கார்ந்து பேசுங்கள், நள்ளிரவில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அல்ல.

குடும்பத்தினருக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அப்பாவுக்கோ அம்மாவுக்கோ இல்லம் பார்க்கப் போகும்போது மாலை நாலு மணிக்குப் போகாதீர்கள். அப்போது எல்லா இல்லமும் அழகாக இருக்கும். மதியம் பன்னிரண்டரைக்குப் போங்கள். சொல்லாமல் போங்கள். ஊட்டுகிறவர்கள் உட்கார்ந்திருக்கிறார்களா, நிற்கிறார்களா என்று மட்டும் பாருங்கள். சாப்பாட்டு நேரத்தில் உள்ளே விடமாட்டோம் என்று சொன்னால் அந்த இல்லம் வேண்டாம், வேறு பாருங்கள்.